அத்திப்பட்டு சிம்னியிலிருந்து நுரைச்சோலை சிம்னி வரை

குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கும் தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்தியா 2070இல் நிகர பூஜ்ஜியம் என்கிறது. இலங்கை 2050 என்கிறது. 2030க்குள் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து என்கிறது, புதிதாக நிலக்கரி நிலையமே கட்ட மாட்டோம் என்கிறது. அப்படியானால் நீண்டகால எரிசக்திக் கொள்கையில் இலங்கைதானே முன்னால் நிற்கிறது?"

நிகர பூஜ்ஜியம் என்றால், காற்றில் விடுகிற கரிமமும் திரும்ப உறிஞ்சி எடுப்பதும் சமமாகும் நிலை. காகிதத்தை மட்டும் பார்த்தால் ஆமாம் தம்பி. நான் முப்பது வருஷம் எண்ணூர் வட்டாரத்தில் ஒரு அனல் மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பார்த்தவன். காகிதத்தில் உள்ளதற்கும் மீட்டரில் ஓடுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்த்துப் பழகிவிட்டது. அதனால் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி அத்திப்பட்டு புதுநகரில் இறங்குங்கள். கிழக்கே திரும்பினால் சிம்னிகள் வரிசையாக நிற்கும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800. இந்தப் பக்கம் வல்லூர் 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட். இலங்கை முழுவதும் சாயங்காலம் விளக்குப் போட்டு, அரிசி வேகவைத்து, டிவி பார்க்கும் உச்ச நேரத்தில் தேவைப்படுவது 3,000 மெகாவாட்டை ஒட்டியேதான் நிற்கிறது. ஒரு நாட்டின் மொத்தத் தேவையைவிடப் பெரிய உற்பத்தித் திறன், ஒரு ரயில் நிலையத்திலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு மட்டுமே 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் எடுத்தது. அதே மாதம் 30ஆம் தேதி இந்தியாவின் உச்சத் தேவை இரண்டரை லட்சம் மெகாவாட்.

இந்த அளவு வித்தியாசம்தான் இரண்டு கொள்கைகளுக்கும் அடி மண். ஒன்று யானை, ஒன்று ஆடு. யானை திரும்ப நேரமாகும். ஆடு சட்டென்று திரும்பும், ஆனால் காற்றடித்தாலே சாயும்.

முதலில் நம் பக்கம். இந்தியாவின் நீண்டகால எரிசக்திக் கொள்கை என்று ஒரே புத்தகத்தைக் காட்ட முடியாது. 2003 மின்சாரச் சட்டம், 2006இல் திட்டக்குழுவின் ஒருங்கிணைந்த எரிசக்திக் கொள்கை அறிக்கை, 2010 சூரிய மின் இயக்கம், 2023 பசுமை ஹைட்ரஜன் இயக்கம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பழையதைக் கழிப்பது கிடையாது. சூரிய மின் இலக்கு 2010இல் 20 கிகாவாட்டாக இருந்தது (ஒரு கிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட்). 2015இல் அதையே 100 ஆக்கினார்கள். காற்று, உயிரிப்பொருள், சிறு புனல் எல்லாம் சேர்த்து 2022க்குள் 175 கிகாவாட் என்றார்கள். 2022 வந்தது, 175 வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் 2030க்குள் 500 கிகாவாட் என்று அடுத்த இலக்கைச் சொல்லியாகிவிட்டது. இலக்கைத் தவறவிடுவதும் அதைவிடப் பெரிய இலக்கைச் சொல்வதும் நம் ஊர் வழக்கம். சிரிக்கலாம்தான். ஆனால் தவறிய இலக்குகூட நிறையச் சூரியப் பலகைகளைத் தரையில் நட்டுவிட்டுத்தான் போனது. 2025இன் நடுவில் நாட்டின் மொத்த நிறுவு திறனில் பாதி புதைபடிவம் அல்லாததாகிவிட்டது. 2030க்கு வைத்த இலக்கு அது, ஐந்து வருஷம் முன்னதாகவே வந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. விடைத்தாளில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். நிறுவு திறன் வேறு, உற்பத்தி வேறு. 100 மெகாவாட் சோலார் பார்க் இரவும் பகலும் சேர்த்துச் சராசரியாக 20, 25 மெகாவாட் கொடுத்தால் பெரிய விஷயம். அதே 100 மெகாவாட் அனல் யூனிட் கரி ஒழுங்காக வந்தால் 70க்கு மேலேயே ஓடும். அதனால் திறனில் பாதி பசுமை என்றாலும், நம் வீட்டு மிக்சியில் ஓடுகிற கரண்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் கரிதான். 2024-25இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. 2031-32க்குள் இன்னும் 80 கிகாவாட் அளவுக்கு அனல் மின் திறன் வேண்டும் என்று மத்திய அரசே சொல்லிவிட்டது. 2070 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

அணு மின்சாரத்திலும் இதே குணம்தான். ஹோமி பாபா 1950களில் போட்ட மூன்று கட்டத் திட்டத்தை இன்றுவரை யாரும் தூக்கிப் போடவில்லை. அதன் இரண்டாம் கட்டமான 500 மெகாவாட் ஈனுலையை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை) கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கினார்கள். எரிபொருள் நிரப்பும் வேலை தொடங்கியது 2024 மார்ச்சில். இருபது வருஷம்! தாமதத்துக்குப் பரிசு கொடுத்தால் நமக்குத்தான். ஆனால் இடையில் எத்தனை ஆட்சி மாறியும் யாரும் ரத்து செய்யவில்லை.

இலங்கையின் கதை நேர் எதிர். அங்கே தொடக்கமே அழகானது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியாளர் 1918லேயே மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1950இல் லக்சபானாவில் அது ஓடியது. பிறகு மகாவலி ஆற்று அணைகள். 1990களின் நடுப்பகுதி வரை இலங்கை மின்சாரம் என்றால் கிட்டத்தட்டத் தண்ணீர்தான், நாமெல்லாம் கரியில் கண் கசக்கிக்கொண்டிருந்த காலத்தில். 1996இல் மழை பொய்த்தது, நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு. அன்றைக்குப் பிடித்தது டீசல் பயம். தண்ணீர் குறையும்போதெல்லாம் டீசலும் உலை எண்ணெயும் எரிப்பார்கள், அதற்கு டாலர் வேண்டும்.

அங்கே இலங்கை மின்சார சபை 20 வருஷத்துக்கான உற்பத்தி விரிவாக்கத் திட்டம் ஒன்றைப் போட்டுவந்தது. ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை திருத்தியது. படித்துப் பார்த்தால், வேலை தெரிந்தவர்கள் போட்டது என்று தெரியும். தேவை எவ்வளவு வளரும், எந்த நிலையம் எந்த ஆண்டு வரவேண்டும், என்ன செலவு எல்லாம் இருக்கும். நம் ஊரில் இப்படி ஒரே கையில் அடங்கும் திட்டம் கிடையாது. ஆனால் அந்தத் திட்டத்தின் அடுத்த பதிப்பு வருவதற்குள் முந்தையதில் இருந்த நிலையம் மறைந்திருக்கும். 2017இல் சபை கரியைச் சேர்த்துத் திட்டம் கொடுத்தது. ஒழுங்குபடுத்தும் அமைப்பான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கரியை எடுத்துவிட்டு ஒப்புதல் கொடுத்தது. பொறியாளர்கள் கொதித்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. போனது காலம்.

சம்பூரைப் பாருங்கள், ஒரு ஊரிலேயே மொத்தக் கதையும் இருக்கிறது. திருகோணமலைப் பக்கம், கொட்டியாரக் குடாக் கரை. 2006 போரில் ஊர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு கடைசியில் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகத்தோடு நிலக்கரி நிலையத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம். 2011இல் கூட்டு நிறுவனம், 500 மெகாவாட் என்று திட்டம். 2016இல் கரி வேண்டாம் என்று ரத்து. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குக் கொழும்பிலிருந்தே காணொலியில் தொடக்க விழா. கரியிலிருந்து தப்பித்தது ஊருக்கு நல்லதுதான், எண்ணூரில் இருந்துகொண்டு நான் வேறு எப்படிச் சொல்வேன்? ஆனால் கொள்கை என்று பார்த்தால், பத்தொன்பது வருஷத்தில் அந்தத் திட்டத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை.

கொழும்புப் பக்கம் கேரவலப்பிட்டியில் இன்னொன்று. 2010இலிருந்து 300 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. திரவ இயற்கை எரிவாயுவுக்காகக் கட்டியது. கப்பலிலிருந்து எரிவாயுவை இறக்கும் முனையம் வரவே இல்லை, உலை எண்ணெயை எரித்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். இங்கே எண்ணூர்த் துறைமுகத்தில் 2019இல் முனையம் வந்துவிட்டது. மன்னாரில் சபை கட்டிய காற்றாலைகள் 103.5 மெகாவாட் நன்றாக ஓடுகின்றன. அதன் பக்கத்தில் வரவிருந்த பெரிய தனியார் காற்றாலைத் திட்டம், விலைப் பேச்சு முற்றி 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான சிறு திட்டம்கூட முதலில் சீன நிறுவனத்துக்குப் போய், பிறகு இந்திய மானியத்துக்கு மாறியது. மூன்று சிறு தீவுக்கு விளக்கு போடுவதில்கூட இரண்டு பெரிய நாடுகள் மூக்கை நுழைக்கும்போது, இருபது வருஷத் திட்டத்தை எவன் அமைதியாக உட்கார்ந்து போட முடியும்?

சரி, நுரைச்சோலைக்கு வருகிறேன். இலங்கையின் ஒரே நிலக்கரி நிலையம், 300 மெகாவாட்டில் மூன்று யூனிட். சீனக் கடனில் 2011இல் முதல் யூனிட், 2014இல் மூன்றும் முடிந்தன. நம் ஊருக்குத் தால்சர் சுரங்கத்துக் கரி ரயிலில் பாரதீப் வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூர் வரும். வருஷம் முழுக்க வரும், ரூபாயில் வரும். நுரைச்சோலைக்கு வருவது முழுக்க இறக்குமதிக் கரி. கப்பல் ஆழ்கடலில் நிற்க, படகுகளில் மாற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும், இறக்க முடியாது. ஆக, முழு வருஷக் கரியையும் பாதி வருஷத்துக்குள் வாங்கிக் குவித்தாக வேண்டும், டாலர் கொடுத்து. கையில் டாலர் இல்லாத வருஷம் என்ன ஆகும்?

2022 அதைக் காட்டியது. கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் எங்களோடு ஒப்பந்த வேலை பார்த்தவர். அவருடைய சித்தி பருத்தித்துறையில் இருக்கிறார். அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. நண்பர் டீக்கடையில் உட்கார்ந்து போன் போடுவார், அந்தப் பக்கத்திலிருந்து அரை நிமிஷம்தான் குரல் வரும்: "கறண்ட் இல்லை மோனை, சார்ஜ் முடியப்போகுது, வைக்கிறன்." அவ்வளவுதான். அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே நான்கு சிம்னி புகைந்துகொண்டிருக்கும்.

அந்த மின்வெட்டுக்குக் காரணம் நிலையம் இல்லாதது இல்லை. எரிபொருள் வாங்கப் பணம் இல்லாததுதான். அதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது வருஷம் மின் கட்டணத்தை உயர்த்தாமலே வைத்திருந்தார்கள். பிறகு 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் என்று மொத்தமாகத் தலையில் இறக்கினார்கள். நாம் ஒன்றும் யோக்கியம் இல்லை. தமிழ்நாட்டிலும் எட்டு வருஷம் கட்டணத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, அதே 2022 செப்டம்பரில்தான் உயர்த்தினார்கள். நம் வாரியத்தின் கடன் ஊரறிந்தது. வித்தியாசம் என்னவென்றால், நம் கடன் ரூபாய்க் கடன், பின்னால் மாநில அரசும் வங்கியும் மத்திய அரசும் நிற்கும். கடன் வளரும், விளக்கு அணையாது. 2012இல் சென்னையில் இரண்டு மணி நேரமும் வெளி மாவட்டங்களில் அதற்கு மேல் பல மடங்கும் மின்வெட்டைப் பார்த்தோம். கரிக்கு டாலர் இல்லை என்ற பேச்சு மட்டும் அப்போதும் வரவில்லை.

இப்போது குரங்கு. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது, இலங்கை முழுக்க இருட்டு. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு 210 மெகாவாட் டர்பைனும் ஜெனரேட்டரும் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். பல டன் இரும்பு அது. எங்கேயாவது ஒரு லைன் ட்ரிப் ஆகி இணைப்பு அறுந்தால், அந்த இரும்பின் சுழற்சிதான் முதல் சில நொடிகள் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கீழே விழாமல் தாங்கும். அதற்குள் மற்ற யூனிட்கள் சுதாரித்துக்கொள்ளும். மொட்டை மாடி சோலாரில் சுழலும் இரும்பு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவை குறைவு, வெயில் நன்றாக இருந்தது, சோலார் ஏறி நின்றது, சுழலும் மெஷின்கள் குறைவாக ஓடின. தாங்க ஆள் இல்லாத நேரத்தில் தட்டினால் குரங்கு தட்டினாலும் விழும். நுரைச்சோலை யூனிட்கள் திரும்ப எழ நாளானது, அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, மாடி சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அணைத்துவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. 70 சதவீதம் என்று இலக்கு வைத்த நாடு சோலாரை அணையுங்கள் என்று சொல்கிறது! அதில் பேட்டரியும் கிரிட் என்கிற மின்தட வலையும் பின்தங்கிவிட்ட கதை இருக்கிறது, கேலி செய்ய ஒன்றுமில்லை.

நமக்கும் இந்த நோய் வருகிறது, யானை என்பதால் மெதுவாக. ஆடிக் காற்றில் தென்மாவட்டக் காற்றாலைகள் பிய்த்துக்கொண்டு சுற்றும்போது எங்களுக்குப் போன் வரும்: லோடைக் குறை, அதாவது உற்பத்தியைக் குறை. கேட்க எளிது. பாய்லர் இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே சீராக எரியத்தான் கட்டப்பட்டது. லோடைக் குறைக்கக் குறைக்க உள்ளே தீ நிலைகொள்ளாமல் ஆடும். எண்ணெய் பர்னரைப் போட்டு முட்டுக்கொடுப்போம். சாயங்காலம் மறுபடி ஏற்று என்பார்கள். இப்படிச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, குழாய்களில் வெடிப்பு விழும். இரவு இரண்டு மணிக்கு பாய்லர் பக்கத்திலிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தால் வயிறு கலங்கும், டியூப் லீக். யூனிட்டை நிறுத்தி, ஆறவைத்து, ஆளை உள்ளே அனுப்பிப் பற்றவைத்து முடிக்க நாட்களாகும். இப்போதிருக்கும் 55 சதவீதக் குறைந்தபட்ச லோடை 40 சதவீதத்துக்கு இறக்க வேண்டும் என்று 2023இல் மத்திய மின்சார ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது. கரியை விடாமல், சோலாரையும் அடுக்கினால், நடுவில் இழுபடுவது பாய்லர்தான்.

அப்புறம் சாம்பல். நம் உள்நாட்டுக் கரியில் 35, 40 சதவீதம் சாம்பல். 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு லோடில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,500 டன் கரி தின்னும், 1,200 டன்னுக்கு மேல் சாம்பல் கக்கும். அதைத் தண்ணீரோடு கலந்து குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றில் போகும். நான் வேலை பார்த்த இடத்தில் குழாய் உடைந்து, அடுத்த ஷிஃப்ட்டுக்குள் அடைத்துவிட்டோம் என்று பதிவேட்டில் எழுதிய நாட்கள் உண்டு. வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு வெள்ளையாக ஓடும். முகத்துவாரத்தில் இறாலுக்குக் கை போடுகிற பெண்கள் இடுப்பளவுச் சேற்றில் நிற்பார்கள், அந்தச் சேறு சிமென்ட் மாதிரி காலைப் பிடிக்கும். எந்தக் கொள்கை அறிக்கையிலும் இந்தச் செலவுக்கு ஒரு பத்தி கிடையாது. கந்தகத்தை வடிகட்டும் கருவி எல்லா அனல் நிலையத்திலும் 2017க்குள் வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி போட்டார்கள். தள்ளித் தள்ளிப் போட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அது தேவையே இல்லை என்று விலக்கிவிட்டார்கள். பெரிய நகரங்களை ஒட்டியவையும், மாசு மிகுந்த இடங்களை ஒட்டியவற்றில் சிலவும்தான் மிச்சம். 500 கிகாவாட் இலக்கை நினைவு வைத்திருக்கும் நாடு இதை மட்டும் மறந்துவிடுகிறது.

மாடி சோலார் வைத்தால் மானியம் என்கிறார்கள். தண்டையார்பேட்டையில் மொட்டை மாடி எத்தனை பேருக்குச் சொந்தம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆக, 2050ஆ 2070ஆ என்பதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். என் கணிப்பில் இலங்கையின் திட்டம் நம்முடையதைவிட நேர்த்தியானது, சுத்தமானதும்கூட. அதை நடத்திக்கொடுக்கக் காசும் இல்லை, ஒரே நிலையாக நிற்கும் அரசும் இல்லை. நம்முடையது ஒழுங்கில்லாத குவியல். ஆனால் ஓடுகிறது. ஓடுவதற்கான விலையைக் கொடுப்பது டெல்லியில் இருப்பவர்கள் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2024இல் இலங்கை புதிய மின்சாரச் சட்டம் கொண்டுவந்து மின்சார சபையைப் பிரிக்க முடிவெடுத்தது. அதே ஆண்டு நம் தமிழ்நாட்டு மின் கழகமும் பிரிக்கப்பட்டது. பெயர்ப் பலகை மாறியதற்கு மேல் சொல்ல எனக்கு இப்போது ஒன்றுமில்லை.

கடைசியாக, இரண்டு நாட்டையும் கடலுக்கு அடியில் இணைக்கும் மின்தடம். பல பத்தாண்டுப் பேச்சு, 2010இல் ஒரு ஒப்பந்தம், 2025 ஏப்ரலில் மறுபடி ஒரு ஒப்பந்தம். நேர்மின்னோட்ட முறையில் வரும். அது நல்ல தேர்வு. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தென்னகம் தப்பியது அப்படிப்பட்ட இணைப்பால்தான். ஒரு பக்கம் விழுந்தாலும் மறுபக்கத்தை இழுத்துக்கொண்டு விழாது. மன்னார்க் காற்று இங்கே வரும், நம் மின்சாரம் அங்கே போகும் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். மன்னாரில் காற்றடிப்பதும் கன்னியாகுமரிப் பக்கத்து முப்பந்தலில் காற்றடிப்பதும் ஒரே தென்மேற்குப் பருவத்தில். இருவர் கையிலும் ஒரே நேரத்தில் மிச்சம் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு இரு பக்கமும் தட்டுப்பாடு.

நான் பார்ப்பது வேறு. மகாவலியில் விக்டோரியா அணை மின் நிலையம், என் பழைய யூனிட் அளவேதான், 210 மெகாவாட். குளிர்ந்து கிடக்கும் என் யூனிட்டை எழுப்பி முழு லோடுக்குக் கொண்டுவர ஒரு ஷிஃப்ட் போதாது. விக்டோரியாவில் தண்ணீரைத் திறந்தால் சில நிமிஷம். பகலில் நம் சோலாரை வாங்கிக்கொண்டு அணையில் தண்ணீரைத் தேக்கி, சாயங்காலம் திறந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஆகும். ஆனால் அந்தத் தண்ணீர் வயலுக்கும் போகிறது. எப்போது திறப்பது என்பதை மின்சாரக்காரர்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது, விவசாயி நாற்று நடும் நாளையும் பார்க்க வேண்டும்.